ஆறு நிமிட நடையை வைத்துத் தீர்ப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நீண்டகாலக் கோவிட் நோயாளிகளுக்கு உடல் இயக்கச் சோதனை வைக்கும் பிசியோதெரபி நிபுணர்களுக்கும், மறுவாழ்வு மருத்துவர்களுக்கும், அந்த முடிவுகளைப் பார்த்து ஒருவர் வேலைக்குத் தகுதியா இல்லையா என்று எழுதும் மருத்துவக் குழுவினருக்கும்.

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். நான் மருத்துவம் படித்தவன் அல்லன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் அளவுக்கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மைக்ரோமீட்டர், வெர்னியர், தராசு, வெப்பமானி ஆகியவை சொல்வது உண்மைதானா என்று சோதிப்பதும், தவறாகச் சொல்லும் கருவிக்குச் சிவப்பு ஒட்டு ஒட்டி உற்பத்தி வரிசையிலிருந்து எடுத்துவிடுவதும்தான் என் வேலையாக இருந்தது. உங்கள் துறையைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் உரிமை இரண்டு. அளப்பதைப் பற்றி வாழ்நாளெல்லாம் யோசித்தவன் என்பது ஒன்று. நீங்கள் அளக்கும் நோயாளிகளில் ஒருத்திக்கு அண்ணன் என்பது மற்றொன்று.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நோயாளி ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடந்தார், நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தார் என்று எழுதும்போது அந்த எண் எவ்வளவு முன்பின்னாக இருக்கக்கூடும் என்பதையும் எழுதுங்கள். சோதனைக்குப் பின்வரும் மூன்று நாட்களில் அவருக்கு என்ன ஆனது என்று விசாரித்து அதையும் எழுதுங்கள். இவை இரண்டும் இல்லாத வெறும் எண்ணை வைத்து ஒருவருடைய வேலையையும் வருமானத்தையும் முடிவு செய்யாதீர்கள்.

என் தங்கை செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. 2021 ஆகஸ்ட் 26 அன்று நாடு முழுவதும் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று என்று அறிவித்தார்களே, அந்த அலையில்தான் அவளும் நோயுற்றாள். ஆக்சிஜன் வைக்கும் அளவுக்குப் போகவில்லை. வீட்டிலேயே தனிமைப்படுத்திக்கொண்டு, அரசின் மைசெஜாத்ரா கைபேசிச் செயலி கேட்ட கேள்விகளுக்குத் தினமும் பதில் போட்டாள். தனிமை முடிந்த அன்று, தேறிவிட்டாள் என்று எல்லோரும் நிம்மதியடைந்தோம். ஆனால் களைப்பு போகவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோனது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. தைப்பூசம்தோறும் தண்ணீர்மலையின் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளைப் பால்குடத்தோடு ஏறியவள், இப்போது குளித்து முடித்ததும் கட்டிலில் படுத்துக்கொள்கிறாள். தொற்று வந்து மூன்று மாதமாகியும் தொடர்ந்து, குறைந்தது இரண்டு மாதமாவது நீடிக்கும், வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வகுத்த வரையறைக்குள் அவள் அப்படியே பொருந்துகிறாள்.

இந்த நோயின் ஒரு குணத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மடல் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. சந்தைக்குப் போய்வந்த அன்று என் தங்கை நன்றாகத்தான் இருப்பாள். மறுநாளும் ஓரளவு சமாளிப்பாள். அதற்கடுத்த நாள் எழுந்திருக்க மாட்டாள். திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டுக் கிடப்பாள். தலையைத் தூக்கிப் பேசுவதே பெரும்பாடு. உழைப்புக்குப் பிந்தைய சரிவு என்று இதைச் சொல்லலாம். உழைத்து 12 மணி நேரம் முதல் மூன்று நாள் வரை தாமதித்து வரும். எல்லா நீண்டகாலக் கோவிட் நோயாளிக்கும் இது இருப்பதில்லை. இருப்பவர்களுக்கோ, நோயின் நடுமையமே இதுதான். ஆறு நிமிடம் நடக்கவைத்துப் பார்க்கும் ஒருவரின் கண்ணில் இது படவே படாது. சரிவு வரும் வேளையில் நோயாளி அங்கே இருக்கமாட்டார். வீட்டில் இருப்பார்.

இனி அவளுக்கு வைத்த சோதனைகளுக்கு வருகிறேன். எந்த இடம் என்று பெயர் சொல்லப்போவதில்லை. எந்த ஒருவரையும் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமன்று.

முதல் ஆறு நிமிட நடைச் சோதனை பினாங்கின் பெருநிலப் பகுதியில் ஒரு மையத்தில் நடந்தது. ஆரஞ்சு நிறக் கூம்புகள் இரண்டை வைத்திருந்தார்கள். கூம்புக்குக் கூம்பு 20 மீட்டர் என்று சுவரில் எழுதியிருந்தது. வழியில் ஒரு சக்கர நாற்காலி நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போனாள். 392 மீட்டர். சில மாதங்கள் கழித்து வேறொரு மையத்தில், பினாங்குத் தீவுப் பக்கம், இரண்டாவது சோதனை. அங்கே 30 மீட்டர் நீள நடைபாதை, நல்ல குளிர்சாதனம், குறுக்கே யாரும் வரவில்லை. 434 மீட்டர். அறிக்கையில் எழுதினார்கள்: 42 மீட்டர் முன்னேற்றம், மருத்துவ ரீதியில் குறிப்பிடத்தக்கது. அந்த ஒரு வரி பிறகு அவள் வேலைத் தகுதியைப் பார்த்த குழுவின் மேசைக்குப் போனது. முழுநேரப் பணிக்குத் திரும்பலாம் என்று அவர்கள் எழுதினார்கள்.

அந்த அறிக்கையை நான் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். 392 மீட்டர் நடக்க, 20 மீட்டர் பாதையில் 19 முறை திரும்ப வேண்டும். 434 மீட்டர் நடக்க, 30 மீட்டர் பாதையில் 14 முறை திரும்பினால் போதும். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறைந்து, நின்று, உடல் சுழன்று, மறுபடி வேகம் பிடிக்க வேண்டும். தலைசுற்றல் உள்ளவளுக்கு அந்தத் திருப்பம்தான் கொடுமை. பாதை 30 மீட்டருக்குக் குறையக்கூடாது என்று ஐரோப்பிய, அமெரிக்க நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் 2014இல் வெளியிட்ட தரநிலை சொல்வது இதற்காகத்தான். இரண்டு நடைபாதைகளுக்கு இடையில் உள்ள வேறுபாட்டை என் தங்கையின் கால்களில் வந்த முன்னேற்றமாக எழுதிவிட்டார்கள்.

அதே 2014 தரநிலை இன்னொன்றும் சொல்கிறது. இந்தச் சோதனையை இரண்டாம் முறை செய்பவர்கள் சராசரியாக 26 மீட்டர் கூடுதலாக நடக்கிறார்கள். நோய் குறைந்ததால் அல்ல. எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டதால். அதனால்தான் இரண்டு முறை நடக்கவைத்து, நல்ல எண்ணை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அவளுக்கு முதல் இடத்திலும் ஒரே தடவை, இரண்டாம் இடத்திலும் ஒரே தடவை. 30 மீட்டர் மாற்றம் இருந்தால் நோயாளிக்கு அது உணரத்தக்க மாற்றம் என்ற அளவுகோலும் அந்தத் தரநிலையில்தான் இருக்கிறது. நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளைப் பார்த்து வகுத்த அளவு அது. அறிக்கையில் "குறிப்பிடத்தக்கது" என்ற சொல் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். தரநிலையில் இருந்து 30 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, பாதையின் நீளத்தையும் இரண்டு முறை நடக்கவைப்பதையும் விட்டுவிட்டால் அந்த எண்ணுக்கு என்ன பொருள் மிஞ்சும்?

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். தொழிற்சாலையில் புதிய அளவுமுறை ஒன்றை ஏற்பதற்கு முன்னால் அந்த அளவுமுறையையே அளப்போம். பத்துப் பொருட்களை எடுத்து, மூன்று பேரிடம் கொடுத்து, ஒவ்வொருவரும் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை அளக்கச் சொல்வோம். எந்தப் பொருள் எது என்று அவர்களுக்குத் தெரியாதபடி வரிசையை மாற்றிவிடுவோம். ஒரே ஆள் ஒரே பொருளை மறுபடி அளக்கும்போது வரும் வேறுபாடு எவ்வளவு, ஆளுக்கு ஆள் வரும் வேறுபாடு எவ்வளவு என்று கணக்கிடுவோம். மொத்த வேறுபாட்டில் அளவுமுறையால் வருவது 10 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் ஏற்போம். 30 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த முறையைத் தள்ளிவிடுவோம். ஒரு சின்ன உலோகத் துண்டுக்கு நாங்கள் கொடுத்த மரியாதை இது.

உங்கள் துறையிலும் இதற்கு இணையான கணக்கு இருக்கிறது என்பதைத் தங்கைக்காகப் படித்தபோது தெரிந்துகொண்டேன். ஐசிசி என்ற ஒட்டுறவுக் கெழுவைச் சொல்கிறீர்கள். மறுபடி மறுபடி எடுத்த அளவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லும் எண் அது; 1 என்றால் முழு ஒற்றுமை. 0.75க்கு மேல் நன்று, 0.90க்கு மேல் மிக நன்று. ஆறு நிமிட நடைக்கு இந்தக் கெழு உயர்ந்தே இருக்கிறது, ஆகவே நம்பலாம் என்று என்னிடம் ஒருவர் சொன்னார். அந்த நம்பிக்கை எங்கே வழுக்குகிறது என்று காட்ட ஒரு கணக்கு போடுகிறேன். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு குழுவில் நடைத் தூரத்தின் திட்ட விலக்கம், அதாவது ஆளுக்கு ஆள் தூரம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதன் அளவு, 100 மீட்டர், ஐசிசி 0.95 என்று வைத்துக்கொள்வோம். மிக நன்று என்ற தரம். 1-இலிருந்து 0.95-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்து 100-ஆல் பெருக்கினால் அளவுப் பிழை ஏறத்தாழ 22 மீட்டர். இரண்டு அளவுகளின் வேறுபாட்டைப் பார்ப்பதால் இதை 2-இன் வர்க்கமூலத்தாலும், 95 விழுக்காட்டு உறுதிக்காக 1.96-ஆலும் பெருக்க வேண்டும். விடை 62 மீட்டர். அதாவது, ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டால் 62 மீட்டருக்கு உட்பட்ட எந்த ஏற்ற இறக்கமும் வெறும் அளவுப் பிழையாக இருக்கலாம். என் தங்கையின் 42 மீட்டர் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே 22 மீட்டர் பிழையை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குழுவில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பவர்கள், திட்ட விலக்கம் 50 மீட்டர்தான் என்றால், ஐசிசி 0.80க்கு இறங்கிவிடும். சோதனை மாறவில்லை, பிழை மாறவில்லை, குழு மட்டும் மாறியது. தள்ளாடி நடப்பவரையும் விறுவிறுவென்று நடப்பவரையும் ஒரே ஆய்வில் சேர்த்துவிட்டால் கெழு தானாக உயரும். ஆகவே வேறு நாட்டில், வேறு நோயாளிகளிடம் கிடைத்த ஓர் ஐசிசி எண்ணைச் சொல்லி, பட்டர்வொர்த்தில் நாற்பது வயதைத் தாண்டிய ஓர் ஆசிரியையின் அறிக்கைக்கு அரண் கட்டாதீர்கள். எங்களுக்கு வேண்டியது மீட்டரில் சொல்லப்படும் பிழை. அது எழுதப்பட்டால் படிக்காதவர்களுக்கும் புரியும்.

இதுவரை சொன்னது எந்த நோய்க்கும் பொருந்தும். நீண்டகாலக் கோவிட்டுக்கே உரிய சிக்கலை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

மறுபடி அளந்தால் அதே எண் வருகிறதா என்று பார்ப்பதற்கு ஓர் அடிப்படை உண்டு. இரண்டு அளவுகளுக்கு இடையில் அளக்கப்படும் பொருள் மாறாமல் இருக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் கம்பி இழுவைச் சோதனை என்று ஒன்று உண்டு. மின்சில்லுக்குள் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள் ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டு எவ்வளவு பலமானது என்று பார்க்க, நுண்ணோக்கியின் கீழ் ஒரு சிறு கொக்கியைக் கம்பிக்கு அடியில் மாட்டி மேலே இழுப்போம். கம்பி அறும். அறும்போது காட்டும் விசைதான் அளவு. அந்தக் கம்பியை மறுபடி இழுக்க முடியாது, அது போய்விட்டது. ஆகவே இந்தச் சோதனையின் நம்பகத்தன்மையைச் சாதாரண முறையில் கணக்கிடக்கூடாது என்பது எங்கள் துறையில் நேற்று சேர்ந்த பயிற்சியாளருக்கும் தெரியும். ஒரே தொகுதியில் செய்த, ஒத்த கம்பிகளை எடுத்து வேறு விதமாகக் கணக்கிடுவோம். உழைப்புக்குப் பிந்தைய சரிவு உள்ள நோயாளியிடம் உங்கள் சோதனை செய்வதும் ஏறக்குறைய இதுதான். அளக்கும்போதே அளக்கப்படுவதைச் சேதப்படுத்துகிறது. அவரை ஒத்த இன்னொரு உடல் உங்கள் கையில் இல்லை.

சேதம் என்ற சொல்லை உணர்ச்சிவசப்பட்டு எழுதவில்லை. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில் நீண்டகாலக் கோவிட் நோயாளிகள் 25 பேரும், நலமானவர்கள் 21 பேரும் இருந்தார்கள். கடுமையாக மிதிவண்டி மிதிக்கவைப்பதற்கு ஒரு வாரம் முன்பும், மிதித்த மறுநாளும் தொடைத் தசையில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். உழைத்த மறுநாள் நோயாளிகளின் தசையில் சேதமும் ஆற்றல் உண்டாக்குவதில் கோளாறும் கூடியிருந்தன. இது மனச்சோர்வு, சோம்பல், பயம் என்று சொல்லிச் சொல்லி எத்தனை பேரை அழவைத்திருக்கிறார்கள்! தசையை வெட்டிப் பார்த்துச் சொன்ன பிறகாவது அந்தப் பேச்சு நிற்க வேண்டும்.

இதோடு முடியவில்லை. தொழிற்சாலையில் இரண்டாவது அளவு முதலாவதோடு ஒத்துவராவிட்டால் கருவியைச் சந்தேகிப்போம். இந்த நோயில் அந்த ஒத்துவராமையே நோயின் அடையாளமாக இருக்கலாம். கோவிட்டுக்கு முன்பே, தசைவலி மூளை-தண்டுவட அழற்சி என்றும் நாள்பட்ட களைப்பு நோய் என்றும் அழைக்கப்படும் நோயில் இதைக் கண்டிருக்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு நாட்கள் மிதிவண்டிச் சோதனை வைத்தால், நலமானவர்கள் இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே அளவைக் காட்டுவார்கள். இந்த நோயாளிகளின் அளவு இறங்கிவிடும். 2021இல் பெர்லின் ஆய்வாளர்கள் அந்த நோயாளிகளைக் கைப்பிடி வலுவை அளக்கும் மானியைப் பத்து முறை முழு வலுவோடு அழுத்தச் சொல்லி, 60 நிமிடம் ஓய்வு கொடுத்து, மறுபடி பத்து முறை அழுத்தச் சொன்னார்கள். நலமானவர்களைப் போல் அவர்களின் பிடி மீளவில்லை. யோசித்துப் பாருங்கள். மூன்று முறை அழுத்தச் சொல்லி நல்ல எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கமான முறை. அந்த முறையில் முதல் அழுத்தம் எழுதப்படும், பின்வரும் இறக்கம் பிழையென்று விலக்கப்படும். எதைப் பார்க்க வேண்டுமோ அதையே துடைத்துவிட்டு அறிக்கை எழுதுகிறோம்.

இரண்டு நாள் மிதிவண்டிச் சோதனையை எல்லோருக்கும் வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. யாரும் அப்படிப் படித்துவிடக்கூடாது. உண்மையை நிரூபிக்க ஒரு நோயாளி வாரக்கணக்கில் படுக்கையில் விழ வேண்டும் என்று கேட்பது கொடுமை. என் தங்கை தீவுப் பக்கத்துச் சோதனை முடிந்து காரில் ஏறியபோது சிரித்துக்கொண்டுதான் ஏறினாள். "நன்றாக நடந்தேன் அண்ணே, அந்தப் பிள்ளை பாராட்டினாள்" என்றாள். அன்றைய சோதனைக்காக முந்தைய வாரம் முழுக்க அவள் சமையலறைப் பக்கமே போகவில்லை, துணி மடிக்கவில்லை, தொலைபேசியில்கூடப் பேசவில்லை. சேர்த்து வைத்த தெம்பு எல்லாவற்றையும் அந்த ஆறு நிமிடத்தில் செலவழித்தாள். மூன்றாம் நாள் அவள் மகள் எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அம்மா எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்" என்றாள். போய்ப் பார்த்தபோது தலையணைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டைப் போட்ட பால் பொட்டலமும் உறிஞ்சுகுழலும் இருந்தன. டம்ளரைத் தூக்கக் கை வரவில்லை. 434 மீட்டர் என்ற எண் எழுதப்பட்ட தாள் அப்போது கோப்பில் பத்திரமாக இருந்தது.

சில நோயாளிகள் வேண்டுமென்றே மெதுவாக நடந்து ஏமாற்றமாட்டார்களா என்று குழுவில் இருப்பவர்கள் கேட்கலாம். கேட்கட்டும். என் அனுபவம் நேர்மாறானது. சோம்பேறி என்று பெயர் வாங்கிவிடக்கூடாது என்ற அச்சத்தில் இவர்கள் வலுவுக்கு மீறி நடக்கிறார்கள். வகுப்பறையில் முப்பது பிள்ளைகளை நின்றபடியே மேய்த்தவள், தன் மகள் வயதிலுள்ள ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னால் நாற்காலியில் உட்கார வெட்கப்படுவாள். அந்த ஆறு நிமிடத்தில் நீங்கள் பார்ப்பது அவளுடைய சராசரி நாளை அல்ல, அவளால் முடிந்த உச்சத்தை. வேலைத் தகுதி என்பதோ ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஏழரைக்கு நின்று, வெள்ளிக்கிழமை வரை தாங்குவது.

மற்றச் சோதனைகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் சோதனைக்கு இடம் அதிகம் வேண்டாம், வீட்டிலும் செய்யலாம். ஆனால் நாற்காலியின் உயரத்தை எழுதி வையுங்கள். 30 விநாடிச் சோதனைக்கு 43 செண்டிமீட்டர் என்ற வழக்கம் இருக்கிறது. ஓரிடத்தில் கல்யாண மண்டபங்களில் போடும் பிளாஸ்டிக் நாற்காலி, இன்னோரிடத்தில் உட்கார்ந்தால் அமுங்கும் பஞ்சு நாற்காலி என்றால் இரண்டு எண்களை ஒப்பிட முடியாது. சமநிலை, நாலு மீட்டர் நடை, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்திருத்தல் மூன்றையும் சேர்த்து 12 மதிப்பெண் போடும் தொகுப்புச் சோதனை 1994இல் முதியவர்களுக்காக உருவானது. கோவிட்டுக்கு முன் பூப்பந்து ஆடிய 35 வயதுக்காரர் அதில் முதல் முறையும் 12 வாங்குவார், மறுமுறையும் 12 வாங்குவார். இரண்டு எண்களும் ஒத்துப்போகின்றன என்பதால் அவரைப் பற்றி நமக்கு ஏதாவது தெரிந்துவிட்டதா? பிடிவலுவுக்கு 2019இல் ஆசியக் குழு ஒன்று ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 18 கிலோ என்று எல்லை வகுத்தது. அது முதுமையில் தசை தேய்வதைக் கண்டறிய. அந்த எல்லையைத் தாண்டிய நோயாளி நலமாக இருக்கிறார் என்று அதற்குப் பொருள் இல்லை.

ஒருவர் இவ்வளவு நடக்க வேண்டும் என்று கணிக்கும் சூத்திரங்களிலும் கவனம் வேண்டும். பரவலாகப் பயன்படும் சூத்திரம் ஒன்று 1998இல் அமெரிக்காவில் வகுத்தது. மேலைநாட்டவரிடம் கண்ட சூத்திரங்கள் சிங்கப்பூர்க்காரர்களுக்குப் பொருந்தவில்லை என்று 2006லேயே அங்கு ஆய்வு செய்து சொல்லிவிட்டார்கள். பினாங்குத் தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் அது எப்படிப் பொருந்தும் என்பதைச் சரிபார்க்காமல், கணிப்பில் இத்தனை விழுக்காடு என்று எழுத வேண்டாம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியைப் பற்றியும் ஒன்று. 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. நம்மில் பலர் நல்ல கறுப்பு. நடக்கும்போது எண் 95-இலேயே நிற்கிறது, ஆகவே மூச்சுத்திணறல் கற்பனை என்று எழுதுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளக்காமல் விட்டால் நோயே இல்லை என்று சொல்லிவிடுவார்கள்; அது இன்னும் கேடு. அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் கேள்வி கேளுங்கள்: வேலை செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ நிலை மோசமாகிறதா, எத்தனை நாள் நீடிக்கிறது? இதை முதலில் கேட்கச் சொல்லி உங்கள் உலக பிசியோதெரபி அமைப்பே 2021 ஜூனில் எழுதியிருக்கிறது. சரிவு இருப்பவருக்கு ஆறு நிமிட நடையைத் தவிர்த்து, குறுகிய சோதனை ஒன்றைப் பாதியில் நிறுத்தும் உரிமையோடு வையுங்கள். பத்து நிமிடம் நிற்கவைத்து இதயத்துடிப்பைப் பாருங்கள். படுத்திருந்ததைவிட நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடி அப்படியே நின்றால், நடக்க முடியாததற்குக் காரணம் காலில் இல்லாமல் இருக்கலாம். மறுபடி சோதிக்கும்போது அதே வேளை, அதே பாதை, அதே நாற்காலி, இயன்றால் அதே ஆள். ஊக்கப்படுத்தச் சொல்லும் வாசகங்களை மலாய், தமிழ், மாண்டரின் மூன்றிலும் ஒருமுறை எழுதி வைத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி படியுங்கள். ஒருவருக்குக் கைதட்டி, இன்னொருவருக்குத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றால் அது ஒரே சோதனை ஆகாது.

சோதனைக்கு முந்தைய வாரம் அவர் எப்படி இருந்தார் என்பதற்கும் அறிக்கையில் ஒரு வரி வேண்டும். பின்வரும் மூன்று நாட்களுக்கு இன்னொரு வரி. யாராவது ஒருவர் 24, 48, 72 மணி நேரத்தில் தொலைபேசியில் அழைத்து மூன்றே கேள்வி கேட்டால் போதும். கூட்டம் எவ்வளவு, ஆள் எவ்வளவு குறைவு என்பதை வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் புதிய கருவி எதையும் கேட்கவில்லை. நான் கேட்பதற்கு ஓர் அளவு நாடாவும் ஒரு தொலைபேசியும் படிவத்தில் நாலு வரியும் போதும்.

பெரிய வேலை ஒன்று மட்டும் இருக்கிறது. பல்கலைக்கழகமும் மருத்துவமனைகளும் சேர்ந்து, இங்குள்ள நோயாளிகளிடம், குறைந்தது 50 பேரிடமாவது, இந்தச் சோதனைகளின் அளவுப் பிழையைக் கண்டறியுங்கள். சரிவு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பிரித்துக் கணக்கிடுங்கள். இரண்டையும் கலந்த சராசரி இருவருக்குமே உதவாது. சரிவு உள்ளவர்களிடம் மறுசோதனையை எப்போது வைப்பது, வைக்கலாமா என்பதை நோயாளிகளையும் அருகில் உட்காரவைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். கண்ட பிழையை மீட்டரிலும் கிலோவிலும் எழுதி, எல்லா மையங்களுக்கும் ஒரே பக்கத்தில் அனுப்புங்கள்.

மருத்துவக் குழுவில் இருப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓர் அறிக்கையில் "முன்னேற்றம்" என்ற சொல்லைப் பார்த்தால், பாதையின் நீளம் என்ன, நாற்காலி என்ன, அளவுப் பிழை எவ்வளவு, மூன்றாம் நாள் என்ன ஆனது என்று எழுதி அனுப்பியவரிடம் திருப்பிக் கேளுங்கள். பதில் வரும்வரை தீர்ப்பை நிறுத்தி வையுங்கள். ஏற்கெனவே இப்படி எழுதப்பட்ட தீர்ப்புகளை மறுபடி பார்க்க வழி செய்யுங்கள். என் தங்கையுடையது அவற்றில் ஒன்று.

நடைபாதையில் மீட்டர் கோடு போடவும், நாற்காலிகளின் உயரத்தை அளந்து ஒட்டு ஒட்டவும், ஆய்வின் எண்களைப் பதிவு செய்யவும் ஆள் தேவைப்பட்டால் தெரிவியுங்கள். தீவானாலும் பெருநிலமானாலும் என் சொந்தச் செலவில் வந்து செய்து தருகிறேன்.

இங்ஙனம்,
அளவுக்கருவிப் பிரிவின் ஓய்வுபெற்ற ஊழியர்,
பட்டர்வொர்த், பினாங்கு